மரங்களுக்கு நடுவே ஒரு சங்கிலிக்கூடை: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் முழங்கால் வலி பற்றிக் கேட்ட வாசகிக்குப் பதில் எழுதும்போது, “நான் வாரநாட்களில் காலையில் டிஸ்க் கோல்ஃப் ஆடுகிறேன், மரங்களுக்கு நடுவே நடை தானாக வந்துவிடுகிறது” என்று ஒரு வரி போட்டேன். முழங்காலை எல்லாரும் மறந்துவிட்டார்கள். வந்த கடிதங்களில் பாதிக்குமேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். ஆகவே இந்த இதழ் முழுக்க அதற்கே. முழங்கால்காரர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அது என்ன விளையாட்டு அம்மா? கோல்ஃப் என்றாலே பணக்காரர் சமாச்சாரம் ஆயிற்றே?
*ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், விருத்தாசலம்*

பெயரைக் கேட்டு மிரளாதீர்கள் சார். வெட்டிச் சீராக்கிய புல்தரை, மின்வண்டி, உறுப்பினர் சந்தா எதுவும் இதில் கிடையாது. பந்துக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் வட்டு, டிஸ்க் என்கிறோம். குழிக்குப் பதில் கம்பத்தில் பொருத்திய இரும்புக் கூடை. அதற்கு மேலே ஒரு வளையம், வளையத்திலிருந்து தொங்கும் சங்கிலிகள். ஒவ்வொரு கூடைக்கும் தொடக்கமாக, டீ என்று சொல்லும் ஒரு சிமெண்ட் மேடையில் நின்று எறிய வேண்டும். விழுந்த இடத்துக்கு நடந்துபோய் அங்கிருந்து மறுபடி எறிய வேண்டும். டிஸ்க் சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழும்வரை எத்தனை எறிவு என்பதுதான் கணக்கு. இப்படிப் பதினெட்டுக் கூடை. குறைவாக எறிந்தவர் ஜெயித்தவர். பெரும்பாலான கூடைகளுக்கு 3 எறிவு என்பது அளவு, அதற்குப் பெயர் பார். 2-இல் முடித்தால் பேர்டி, 4 ஆனால் போகி.

நான் ஆடுவது அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தின் சார்லட் நகரில், ஹார்னெட்ஸ் நெஸ்ட் பூங்காவில். ‘குளவிக்கூடு’ என்று ஒரு பூங்காவுக்குப் பெயரா என்பீர்கள். 1780-இல் ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ் படையோடு இந்த ஊருக்குள் வந்து, ஊர்க்காரர்கள் கொடுத்த குடைச்சல் தாங்காமல், இது கலகக்காரர்களின் குளவிக்கூடு என்று அலுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். ஊர் அந்த வசவையே விருதாக எடுத்துக்கொண்டது. இந்த ஊர்க் கூடைப்பந்து அணிக்கும் குளவிப் பெயர்தான். நீங்கள் வகுப்பில் நடத்தியிருப்பீர்களே, நிரந்தர நிலவரித் திட்டம், 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டின முற்றுகை என்று, அதே கார்ன்வாலிஸ்தான். இங்கே தோற்றுவிட்டு அங்கே வந்தவர்.

பூங்கா கவுண்டி, அதாவது நம் மாவட்டம் மாதிரி, நிர்வாகத்துடையது. ஆடுவதற்குக் கட்டணம் இல்லை, முன்பதிவு இல்லை. டிஸ்க் ஒன்று பத்து டாலரிலிருந்து இருபது டாலருக்குள் கிடைக்கும். அது ஒன்றுதான் செலவு, தொலைக்காதவரை.

யார் கண்டுபிடித்தது, எப்போது?
*பத்தாம் வகுப்பு மாணவர், தேவகோட்டை*

வட்டெறிந்து கம்பத்தையும் குப்பைத்தொட்டியையும் குறிபார்ப்பதை நிறையப் பேர் நிறைய ஊர்களில் தாமாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு ஒரு வடிவம் கொடுத்தவர் என்றால் எட் ஹெட்ரிக். வாம்-ஓ என்ற பொம்மை நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஃபிரிஸ்பீ தட்டின் மேல்பக்கத்தில் வரிவரியாக மேடு வைத்தால் ஆடாமல் பறக்கிறது என்று கண்டு 1967-இல் காப்புரிமை வாங்கினார். 1975-இல் கலிஃபோர்னியாவில், பாசடீனா பக்கத்தில் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர ஆடுகளத்தை அமைத்தார். ஓக் மரங்கள் நிறைந்த பொதுப் பூங்கா. ஆக, பிறக்கும்போதே இது மரத்தடியில் பிறந்த ஆட்டம்.

முதலில் அங்கே குறி வெறும் கம்பங்கள்தான். டிஸ்க் கம்பத்தில் பட்டதா படவில்லையா என்று ஒவ்வொரு முறையும் சண்டை. அதற்குத் தீர்வாகத்தான் சங்கிலியும் கூடையும் வந்தன; 1977-இல் காப்புரிமை. சங்கிலி வேகத்தை விழுங்கிக்கொள்ளும், கூடை ஏந்திக்கொள்ளும், பட்டதா என்ற கேள்விக்கே இடமில்லை. 1976-இல் அவர் தொடங்கிய தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கம், சுருக்கமாகப் பிடிஜிஏ, இன்றும் உலகம் முழுக்க விதிகளை வகுக்கிறது. 2002-இல் அவர் இறந்தபோது, அவர் விருப்பப்படி அஸ்தியைப் பிளாஸ்டிக்கோடு கலந்து டிஸ்க்குகளாக வார்த்தார்கள். நம் வீட்டில் யாராவது இப்படி ஒரு கடைசி ஆசையைச் சொன்னால் சித்தப்பாக்கள் கூடிப் பஞ்சாயத்து வைத்துவிடுவார்கள்.

எறிவதற்கு வெட்டவெளிதானே வசதி? மரங்களுக்கு நடுவே போய் ஏன் கஷ்டப்பட வேண்டும்?
*ஆட்டோ ஓட்டுநர், திண்டுக்கல்*

நியாயமான கேள்வி தம்பி. நான் உட்கார்ந்து பதில் சொல்ல விரும்புவது இதற்குத்தான்.

வெட்டவெளியில் இந்த ஆட்டம் கைவலு உள்ளவனுக்குச் சொந்தம். இருபது வயதுப் பையன் நூறு மீட்டருக்கு மேல் சர்வசாதாரணமாக வீசுவான். நான் வங்கியில் முப்பது வருஷம் ரூபாய் நோட்டு எண்ணியவள். என் தோளுக்கு அதில் பாதித் தூரம் போனால் பெரிது. மைதானத்தில் அவனோடு ஆடினால் ஒவ்வொரு கூடையிலும் நான் ஒரு எறிவு பின்தங்குவேன். அதில் தந்திரத்துக்கே வேலையில்லை.

மரங்களுக்குள் நுழைந்தால் கணக்கு மாறிவிடுகிறது. எங்கள் ஊர்ப் பக்கம் லாப்லாலி பைன் மரங்கள் அதிகம். அடிமரம் வழவழவென்று கிளையே இல்லாமல் மேலே போகும். அவற்றுக்கு நடுவே ஓக், ஹிக்கரி, டியூலிப் பாப்லர். டீ மேடையில் நின்று பார்த்தால் கூடை தெரியாது. தெரிவது இரண்டு மரத்துக்கு நடுவே ஒரு சந்து, அதைத் தாண்டி இடதுபக்கம் வளையும் பாதை. அந்தப் பையன் முழு பலத்தோடு எறிவான். டிஸ்க் இருபதடி தாண்டுமுன் முதல் பைனில் ‘டக்’ என்று மோதி, எங்கிருந்து எறிந்தானோ அதற்கும் பின்னால் வந்து விழும். நான் மெதுவாக, நேராக, ஐம்பது மீட்டர் மட்டும் எறிவேன். வளைவில் போய் நிற்கும். அடுத்தது கூடைக்குப் பக்கத்தில். மூன்றாவது சங்கிலியில். எனக்குப் பார் கணக்கு. அவனுக்கு ஐந்தோ ஆறோ ஆகியிருக்கும். மரம் வயதுக்குச் சலுகை தரும் என்று நான் சொல்லிக்கொள்வது இதனால்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, கொஞ்சம் பெருமைக்கும்தான்.

ஆடுகிறவர்களிடம் ஒரு பேச்சு உண்டு, ‘மரத்தில் 90 சதவீதம் காற்றுதான்’ என்று. இலையும் கிளையுமாக இருப்பதில் பெரும்பகுதி வெற்றிடம், எப்படியும் புகுந்துவிடும் என்ற அர்த்தத்தில் சொல்வது. நம்ப வேண்டாம். மிச்சம் பத்து சதவீதத்துக்கு டிஸ்க்கை இழுக்கும் சக்தி உண்டு. சந்து எது என்று முடிவு செய்துவிட்டால் கண் அந்தச் சந்தின் நடுவிலேயே இருக்க வேண்டும். மரத்தைப் பார்த்துக்கொண்டே எறிந்தால் மரத்தில்தான் படும். எறிகிற எல்லாருக்கும் இது அனுபவத்தில் தெரிந்தது.

இன்னொன்றும் உண்டு. பக்கத்திலிருக்கும் மரம்தான் எதிரி. தூரத்தில் இருப்பது அவ்வளவு ஆபத்தில்லை. எதிரில் பத்தடியில் ஒரு மரம் இருந்தால் எறிகிற கோணம் இம்மி பிசகினாலும் மோதும். ஐம்பது மீட்டர் தள்ளியிருக்கும் மரத்தில் மோதினாலும் என்ன, ஐம்பது மீட்டர் ஏற்கெனவே வந்தாயிற்று. அதனால் முதல் பத்தடியை எப்படிக் கடப்பது என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் எறியும் வழக்கமான பேக்ஹேண்டுக்கு இடமில்லையா, உள்ளங்கை முன்னே பார்க்க எறியும் ஃபோர்ஹேண்ட். அதற்கும் இடமில்லையா, குனிந்து தரையோடு தரையாக உருட்டிவிடுவது. மானம் போகும், ஆனால் பாதைக்குத் திரும்பிவிடலாம். ஒரு எறிவை விட்டுக்கொடுத்துப் பாதைக்கு வருவதற்கு இளைஞர்களுக்கு மனசு வராது. இரண்டு மரத்துக்கு நடுவே கையகல இடைவெளி தெரிந்தால் அதில் புகுத்தப் பார்ப்பார்கள். பாவம்.

எங்கள் ஊரிலிருந்து அரைமணி நேரத்தில், தெற்குக் கரோலினாவின் ராக் ஹில்லில், வின்த்ராப் பல்கலைக்கழக வளாகத்தில் 1999-லிருந்து அமெரிக்க சாம்பியன்ஷிப் நடக்கிறது. அது பெரும்பாலும் திறந்தவெளி. புல்வெளியில் கயிறு கட்டி, கயிற்றைத் தாண்டினால் அபராதம் என்று வைத்திருப்பார்கள். பார்க்கப் பிரமாதமாக இருக்கும். எனக்கென்னவோ கயிறு மனிதன் கட்டியது, அடுத்த வருஷம் வேறிடத்தில் கட்டுவான் என்றுதான் தோன்றும். மரத்தோடு அப்படி வழக்காட முடியாது.

வலதுகையால் எறிந்தால் டிஸ்க் கடைசியில் இடதுபக்கம் சாய்ந்து போகிறதே, என்ன காரணம்?
*பொறியியல் மாணவி, கோவை*

சுழற்சி, மகளே. வலதுகைக்காரர் பேக்ஹேண்டில் எறிந்தால், மேலிருந்து பார்க்க, டிஸ்க் கடிகாரச் சுற்றில் சுழலும். சுழலும் பொருளை ஒரு திசையில் நெம்பினால் அது தொண்ணூறு டிகிரி தள்ளித்தான் சாயும். ஜைரோஸ்கோப் பாடத்தில் படித்திருப்பாய். வேகம் குறையக் குறைய டிஸ்க் கீழே இறங்குகிறது, காற்று அடிப்பக்கத்தில் மோதி முன்விளிம்பைத் தூக்கப் பார்க்கிறது. அந்தத் தூக்கல் சுழற்சியால் திசைமாறி, இடதுபக்கச் சாய்வாக வெளிப்படுகிறது. எறிந்த புதிதில் வேகம் அதிகமாக இருக்கும்போது இதற்கு எதிராக நடக்கும், கொஞ்சம் வலப்பக்கம் திரும்பும். ஃபோர்ஹேண்டில் சுழற்சி தலைகீழ், எல்லாம் தலைகீழ். இடதுகைக்காரர்களுக்கும் அப்படியே.

டிஸ்க்கின் மேலேயே நான்கு எண் அச்சடித்திருப்பார்கள்: வேகம், மிதப்பு, தொடக்கத் திருப்பம், இறுதிச் சாய்வு. இன்னோவா நிறுவனத்தின் லெப்பர்ட் டிஸ்க்குக்கு 6, 5, -2, 1. அதே நிறுவனத்தின் டிஸ்ட்ராயருக்கு 12, 5, -1, 3. முதலாவது மெதுவான கைக்கும் நேராகப் போகும். இரண்டாவது, அசுரத்தனமாக எறிந்தால்தான் அதன் குணத்தைக் காட்டும். நாம் எறிந்தால் எடுத்த எடுப்பிலேயே இடதுபக்கம் போய்ப் புதரில் விழும். 1983-இல் விளிம்பைச் சரிவாகச் சீவி வடிவமைத்த டிஸ்க் வந்த பிறகுதான் இவ்வளவு வகை. அதற்குமுன் ஆடியவர்களுக்கு எல்லாம் ஃபிரிஸ்பீதான்.

என் மாப்பிள்ளை இந்த ஆட்டத்தில் சேர்ந்திருக்கிறார். பிறந்தநாளுக்கு டிஸ்க் வாங்கித் தரலாம் என்று பார்க்கிறேன். எதை வாங்குவது?
*பெயர் வேண்டாம் என்ற மாமியார், எடிசன், நியூ ஜெர்சி*

கடையில் போய் நின்றால் நூறு வகை தொங்கும். அதிலும் டிரைவர் என்ற வேகமான ரகத்தைத்தான் கண்ணில் படுகிற மாதிரி மாட்டியிருப்பார்கள். அதை விட்டுவிடுங்கள். பட்டர் என்று சொல்லும் மொண்ணை விளிம்பு டிஸ்க் ஒன்று, மிட்ரேஞ்ச் என்ற நடுத்தர ரகம் ஒன்று. இரண்டு போதும். பட்டரில் அவியார் என்றொரு பழைய டிஸ்க், அதன் எண்கள் 2, 3, 0, 1. வேகமும் கிடையாது, முரண்டும் கிடையாது. மாப்பிள்ளைகளுக்கே இப்படி எண் போட்டு வந்தால் எவ்வளவு சௌகரியம்.

நிறம் முக்கியம். பச்சை வேண்டவே வேண்டாம். சிவப்பும் ஆரஞ்சும் கோடையில் தெரியும்; அக்டோபர், நவம்பரில் ஓக் இலை உதிர்ந்து கிடக்கும்போது கண்ணெதிரே கிடந்தாலும் தெரியாது. பளீரென்ற ரோஜா நிறம் அல்லது வெளிர்நீலம் எல்லாப் பருவத்துக்கும் சரி. அடிப்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் அவர் தொலைபேசி எண்ணை எழுதச் சொல்லுங்கள். கண்டெடுத்தவர்கள் பெரும்பாலும் கூப்பிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள்.

என் கணவர் சனிக்கிழமை காலையில் போனால் மதியம்தான் வருகிறார். காரில் பின்னிருக்கை முழுக்க டிஸ்க். இதற்கு வைத்தியம் உண்டா?
*வாசகி, டாலஸ்*

இல்லை. நீங்களும் போங்கள்.

டிஸ்க் மரத்தில் மாட்டிக்கொண்டால் என்ன விதி? தொலைந்தே போய்விட்டால்?
*வாசகர், சிங்கப்பூர்*

கண்ணுக்குத் தெரிகிறது, உங்களுடையதுதான் என்று உறுதி என்றால் அது தொலைந்ததாகக் கணக்கில்லை. அதற்கு நேர் கீழே தரையில் குறி வைத்து அங்கிருந்து தொடரலாம். தரையிலிருந்து 2 மீட்டருக்கு மேலே மாட்டினால் ஒரு எறிவு அபராதம் என்று ஒரு விதி உண்டு, ஆனால் போட்டி நடத்துபவர் அதை முன்கூட்டியே அறிவித்திருந்தால்தான் செல்லும். காணவே காணோம் என்றால் 3 நிமிஷம் தேடலாம். பிறகு ஒரு எறிவு அபராதத்தோடு முந்தைய இடத்திலிருந்து மறுபடி எறிய வேண்டும். நண்பர்களோடு ஆடும்போது யாரும் மூன்று நிமிஷத்தில் விடுவதில்லை. இருபது டாலர் டிஸ்க் ஆயிற்றே.

மேலே மாட்டியதை எடுக்க இன்னொரு டிஸ்க்கை எறிவார்கள். பிறகு இரண்டும் மேலே இருக்கும். ஷூவையும் எறிந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன், நொண்டிக்கொண்டே ஆட்டத்தை முடித்தார்.

காட்டு ஆட்டத்தில் முக்கியமான விதி வேறு. நிற்கும் இடத்தில் கிளை இடித்தால் ஒடிக்கவோ, பிடித்து வளைத்து வைத்துக்கொள்ளவோ கூடாது. எப்படி நின்றால் செடிகொடி குறைவாக அசையுமோ அப்படித்தான் நிற்க வேண்டும். எறியும்போது கை பட்டு இலை அசைந்தால் பரவாயில்லை. மண்டியிட்டு எறியலாம். நான் புதருக்குள் மண்டியிட்டு எறிவதைப் பார்த்து, நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு பாட்டி ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா என்று கேட்டார்.

பாம்பு, பூச்சி பயம் இல்லையா அக்கா?
*செவிலியர், நாகர்கோவில்*

உண்டு. பயப்பட வேண்டியது பெரும்பாலும் பாம்புக்கு இல்லை.

பாம்பை முதலில் முடித்துவிடுகிறேன். இங்கே காப்பர்ஹெட் என்றொரு விரியன் இனம் உண்டு. காய்ந்த இலைமேல் கிடந்தால் இலையாகவே தெரியும். ஓடாமல் அசையாமல் கிடப்பது அதன் பழக்கம், அதனால்தான் தெரியாமல் மிதித்து விடுகிறார்கள். கடித்தால் உயிர் போவது மிக அரிது, ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். இலைக்குவியலுக்குள் கையை விடாதே. முதலில் குச்சியால் கிளறு. அவ்வளவுதான்.

அடுத்தது உண்ணி. ஏப்ரலிலிருந்து செப்டம்பர்வரை ஆடிவிட்டு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்புறம் எல்லாம் தடவிப் பார்க்க வேண்டும். முதுகில் ஒற்றை வெள்ளைப் புள்ளியோடு ஒரு உண்ணி இங்கே உண்டு, லோன் ஸ்டார் என்று பெயர். அது கடித்துச் சிலருக்கு ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, பன்றிக்கறி எதுவும் ஒத்துக்கொள்ளாமல் போய்விடுகிறது. சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்துத் தடிப்பு, மூச்சுத்திணறல். கோழியும் மீனும் ஒன்றும் செய்யாது. நாகர்கோவில்காரிக்கு மீன் இருந்தால் போதும், ஆனால் பிரியாணிக்காரர்கள் நீளமான கால்சட்டை போட்டுக்கொண்டு வருவது நல்லது. உண்ணி கடித்துத் தொங்கினால் நெருப்பு வைக்காதே, எண்ணெய் தடவாதே. மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழு. நர்ஸுக்கே சொல்லித் தருகிறேன், பார்.

மூன்றாவதுதான் நிஜமான வில்லன், பாய்சன் ஐவி என்ற கொடி. ஒரு காம்பில் மூன்று இலை. தரையிலும் படரும், மரத்திலும் ஏறும். ஏறிய கொடியில் ரோமம் ரோமமாக வேர் இருக்கும். அதன் பாலில் இருக்கும் எண்ணெய் தோலில் பட்டால் ஓரிரு நாளில் அரிப்பு, கொப்புளம், இரண்டு மூன்று வாரம் தொல்லை. நம்மூர்ச் சேங்கொட்டை ஞாபகம் இருக்கிறதா? சலவைக்காரர்கள் துணியில் அடையாளம் போடுவார்களே, பட்டால் தோல் வெந்துபோகுமே, அதற்கு நெருங்கிய சொந்தம் இது. மாமரம், முந்திரி எல்லாம் அதே குடும்பம். மாங்காய்ப் பால் பட்டு வாயோரம் புண் வருபவர்கள் இந்தக் கொடியிடம் இரட்டை எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இலை உதிர்ந்த குளிர்காலத்திலும் வெறுங்கொடியில் அந்த எண்ணெய் இருக்கும். கொப்புளத்து நீர் பட்டுப் பரவும் என்பது தவறு, எண்ணெய்தான் பரவும். அது டிஸ்க்கின் மேல் ஒட்டிக்கொண்டு, பையிலும் கார் ஸ்டியரிங்கிலும் ஏறிக்கொள்ளும். ஆகவே வீட்டுக்கு வந்ததும் கையை மட்டுமல்ல, டிஸ்க்குகளையும் பாத்திரம் தேய்க்கும் சோப்புப் போட்டுக் கழுவு. பாத்திரத்தோடு சேர்த்துப் போடாதே.

காட்டைக் காப்பாற்ற வேண்டிய காலத்தில், மரத்தின் மேல் பிளாஸ்டிக்கை எறிந்து விளையாடுவது சரியா?
*இயற்கை ஆர்வலர், வால்பாறை*

கேட்க வேண்டிய கேள்வி. கோபத்தோடு கேட்டிருக்கிறீர்கள், கோபமும் சரிதான்.

டிஸ்க் பட்டு மரப்பட்டை சிதைவது உண்மை. டீ மேடைக்கு எதிரில் முதல் வரிசையில் நிற்கும் மரங்களைப் பார்த்தால் மார்பளவு உயரத்தில் பட்டை தேய்ந்து தெரியும். ஆனால் அதைவிடப் பெரிய கெடுதி நம் கால்கள். எங்கள் மண் செம்மண் களி. கூடையைச் சுற்றியும் டீ மேடையைச் சுற்றியும் ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்து மண் இறுகிவிடுகிறது. மழைத்தண்ணீர் இறங்காது, அரித்துக்கொண்டு ஓடும், வேர்கள் வெளியே வந்துவிடும். மரம் உடனே சாகாது. சில வருஷம் கழித்து மேற்கிளை பட்டுப்போகும், அப்போது யாருக்கும் காரணம் ஞாபகம் இருக்காது.

நல்ல களங்களில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு பாதைக்கு இரண்டு மூன்று இடங்களில் கூடை நடும் குழாய் பதித்து, மாற்றி மாற்றி நடுவார்கள், ஒரே இடம் மிதிபடாது. வேர்மேல் மரச்சில்லு பரப்புவார்கள். முன்வரிசை மரங்களுக்கு மரக்கட்டைக் கவசம் கட்டுவார்கள். எங்கள் ஊரிலும் சனிக்கிழமைகளில் ஆட்டக்காரர்களே மண்வெட்டியோடு வந்து இந்த வேலை செய்வதுண்டு. ஆடுகிற கூட்டத்தில் மண்வெட்டி பிடிக்கிறவர்கள் கொஞ்சம்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மழை பெய்த மறுநாள் வேண்டாம் என்று சொன்னாலும் கேட்காமல் சகதியில் ஆடுகிறவர்கள் மேல் எனக்கு உங்களைவிடக் கோபம்.

என் நிலை இதுதான். ஊருக்கு நடுவே, ஒருகாலத்தில் வெட்டி மறுபடி வளர்ந்த காடுகளில் இந்த ஆட்டம் இருக்கலாம். அந்த இடத்தை வீட்டுமனை ஆகாமல் வைத்திருக்க அது ஒரு காரணமாகவும் இருக்கும். சோலைக்காட்டில் கூடாது. உங்கள் வால்பாறைப் பக்கம் யாராவது கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்புங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

பொதுப் பூங்கா என்கிறீர்கள். நடப்பவர்கள், குழந்தைகள் மேல் படாதா?
*இரு குழந்தைகளின் தாய், சான் ஹோசே*

படக்கூடாது, அதற்குப் பொறுப்பு எறிகிறவருடையது. பாதையில் யார் இருந்தாலும் அவர்களுக்குத்தான் முதல் உரிமை. நாய் நின்று மோந்துகொண்டிருந்தாலும் காத்திருக்க வேண்டும். வளைவுக்கு அப்பால் தெரியாத இடமென்றால் ஒருவர் முன்னால் போய்ப் பார்த்துக் கையைக் காட்ட வேண்டும். தவறிப்போய் ஆள் இருக்கும் பக்கம் போனால் ‘ஃபோர்!’ என்று கத்த வேண்டும், வெட்கப்படாமல். டிஸ்க் கூர்மையான, கெட்டியான விளிம்புள்ளது, ஃபிரிஸ்பீ மாதிரி கையில் பிடிக்கலாம் என்று குழந்தைகள் நினைத்துவிடுவார்கள். அதை மட்டும் சொல்லி வையுங்கள்.

எனக்குள்ள ஒரே மனக்குறை, ஒலிபெருக்கியைப் பையில் மாட்டிக்கொண்டு வரும் கூட்டம். டிஸ்க் எங்கே விழுந்தது என்பதைக் காட்டுக்குள் காதால்தான் பாதி கண்டுபிடிக்கிறோம். இலையில் விழுந்தால் ஒரு சத்தம், மரத்தில் பட்டால் ஒரு சத்தம், எந்தப் பக்கம் தெறித்தது என்பது வரை கேட்கும். பாட்டு போட்டால் அதுவும் போச்சு, மரங்கொத்தியும் போச்சு.

இதில் வருமானம் உண்டா? பெரிய ஆட்டக்காரர்கள் யார்?
*விளையாட்டு ரசிகர், மதுரை*

பால் மெக்பெத் என்பவர் தம் முதல் உலகப் பட்டத்தை 2012-இல் எங்கள் சார்லட் நகரப் பூங்காக்களில்தான் வென்றார். 2021-இல் ஒரு டிஸ்க் நிறுவனம் அவரோடு 10 வருஷத்துக்கு 10 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டது. ஆக, வருமானம் உண்டு, ஆனால் அவருக்கு.

அதே வருஷம் யூட்டா மாநிலத்தின் ஆக்டனில் உலகப் போட்டி. கடைசிக் கூடை, மெக்பெத் ஒரு எறிவு முன்னிலை. ஜேம்ஸ் கான்ராட் கூடையிலிருந்து 247 அடி தூரத்தில் நிற்கிறார். நேரே கூடைக்குள் போட்டால்தான் சமநிலை. எறிந்தார், நேரே சங்கிலியில் போய் விழுந்தது. கூடுதல் ஆட்டத்தில் பட்டமும் கான்ராடுக்கே. காணொளி இணையத்தில் கிடைக்கும், எறிந்தவரைவிடச் சுற்றியிருந்தவர்கள் முகத்தைப் பாருங்கள். பெண்களில் எஸ்தோனியாவின் கிறிஸ்டின் தட்டார் 2022, 2023 இரண்டிலும் உலக சாம்பியன்.

சென்னையில் ஆட முடியுமா?
*ஐடி ஊழியர், பெருங்குடி*

டிஸ்க் எறியக் கற்றுக்கொள்ள உங்களுக்குப் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. பெசன்ட் நகர் கடற்கரையில் அல்டிமேட் ஃபிரிஸ்பீ ஆடுகிறார்கள், அணி அணியாக ஓடிப் பிடித்து ஆடுவது. ஆட்டம் வேறு, மணிக்கட்டு வித்தை ஒன்றுதான். அங்கிருந்து வந்தவர்கள் மரத்துக்கு நடுவே ஃபோர்ஹேண்ட் எறிவதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும்.

கூடை இல்லாவிட்டால் என்ன, ஆரம்பத்தில் யாரிடமும் இல்லை. கல்லூரி வளாகத்தில் அனுமதி வாங்கி, விடுமுறை நாளில், இந்த விளக்குக்கம்பத்திலிருந்து அந்தத் தண்ணீர்த்தொட்டிவரை என்று நீங்களே பதினெட்டு வைத்துக்கொள்ளலாம். மாநகராட்சிப் பூங்காவில் மட்டும் வேண்டாம். காலை ஆறு மணிக்கே நடைப்பயிற்சிக்காரர்கள் எட்டு போட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு தாத்தா மேல் பட்டால் ஊரே கூடும்.

நானும் சார்லட்தான் ஆன்ட்டி. ஒருநாள் உங்களோடு வரலாமா? என்ன எடுத்துவர வேண்டும்?
*முதுகலை மாணவர், சார்லட்*

தாராளமாக. பூங்கா பீட்டிஸ் ஃபோர்டு சாலையில் இருக்கிறது. ஒரு பட்டர் போதும், இல்லையென்றால் என்னுடையதைத் தருகிறேன். களிமண் வழுக்கும், அடியில் பிடிப்புள்ள ஷூ போட்டு வா. நீளக் கால்சட்டை, தண்ணீர், வியர்வை துடைக்க ஒரு துண்டு. கை ஈரமாக இருந்தால் டிஸ்க் வழுக்கிப் பக்கத்துப் பாதையில் போய் நிற்கும். முதல் நாள் எண்ணிக்கை வைக்க மாட்டோம், ஒவ்வொரு கூடையிலும் சந்து எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டுகிறேன். செவ்வாய், வியாழன் காலை எட்டு மணிக்கு வந்தால் கூட்டம் இருக்காது. முந்தைய இரவு மழை பெய்திருந்தால் வராதே, நானும் இருக்க மாட்டேன்.